மேளம் பேசியாச்சா?

முட்டுக்காட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரக் கல்யாணங்கள் பெருகிவிட்டன. அங்கே வாசிக்க வருகிறவர்களிடம் நாம் என்ன பேசுகிறோம், எதைப் பேசாமல் விடுகிறோம்?

தை பிறந்துவிட்டால் போதும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாலையில் தெற்கே போகும் வேன்களைப் பார்த்தே மறுநாள் முகூர்த்தம் என்று சொல்லிவிடலாம். ஒன்றில் பூ அலங்காரத்துக்கான இரும்புச் சட்டங்கள். இன்னொன்றில் ஆளுயர ஒலிபெருக்கிகள். பின்னால் வரும் சின்ன வேனில் உறை போட்ட தவிலைக் காலுக்கிடையில் நிறுத்திக்கொண்டு, நாயனப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஐந்தாறு பேர். கோவளம், திருவிடந்தை, நெம்மேலி, மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் என்று கரை நெடுகக் கல்யாண வேலை நடக்கிறது.

இந்தக் கரைக்குக் கல்யாணம் புதிதல்ல. வரன் அமைய வேண்டுமென்று மாலை சாற்றி வேண்டிக்கொள்ள வருகிறவர்களால் திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயில் எப்போதும் நிறைந்திருக்கும். மாசி மகத்தையொட்டி மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் குடும்பங்கள் கூடுகின்றன. கன்னியம்மனை வழிபட்டு, விடியற்காலையில் அந்த மணலிலேயே நிச்சயமும் திருமணமும் முடிக்கிறார்கள். பாடுவதும் ஆடுவதும் அவர்களே.

விடுதிப் புல்வெளியில் கடலைப் பின்னணியாக வைத்து நடக்கும் கல்யாணம்தான் புதிது. 2022 ஜூன் 9 அன்று நயன்தாரா - விக்னேஷ் சிவன் திருமணம் மாமல்லபுரம் அருகே ஒரு விடுதியில் நடந்தபோது இந்தக் கடற்கரை நாடெங்கும் பேசப்பட்டது. இத்தகைய கல்யாணங்களை நடத்திக்கொடுக்க ஏற்பாட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. பந்தல், பூ, சாப்பாடு, போட்டோ, தங்கும் அறை என எல்லாவற்றையும் ஒருவரிடமே ஒப்படைத்துவிடலாம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் அவர்கள் தரும் விலைப்பட்டியலில் வாசிக்கிற மனிதருக்குப் பெயர் இருப்பது அரிது. ‘நாதஸ்வரம் ஒரு செட்’, ‘லைவ் மியூசிக் மூன்று மணி நேரம்’ என்று நாற்காலிக் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு வரி. வருவது யார் என்பது பல வீடுகளில் கல்யாணத்தன்றுதான் தெரிகிறது. நேரடி இசை கெடத் தொடங்கும் இடம் இதுதான். பணம் போதாமல் கெடுவதைவிட, பேச வேண்டியதைப் பேசாமல் கெடுவதே அதிகம்.

பழைய முறையில் மேளம் பேசுவது தனி வேலை. கோயிலில் வாசிப்பவரையே வீட்டு விசேஷத்துக்கும் அழைப்பார்கள். அவர் வாசிப்பை ஊரே திருவிழாவில் கேட்டிருக்கும். திருக்கழுக்குன்றம் வேதகிரீஸ்வரர் கோயிலின் சித்திரைத் திருவிழாவில் கேட்ட நாயனம் மனத்தில் நின்றால், வீட்டில் பெண் இருக்கிறவர் அந்த வித்வானைக் குறித்துவைத்துக்கொள்வார். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுக்கும்போதே எத்தனை நாயனம், எத்தனை தவில், மாப்பிள்ளை அழைப்பு உண்டா, ஊர்வலம் எவ்வளவு தூரம், எந்த வண்டியில் வருவது, எங்கே சாப்பிடுவது என்பதெல்லாம் பேசி முடிந்துவிடும். அழைப்பிதழில் வித்வானின் ஊரும் பெயரும் அச்சாகும். ‘மேளம் பேசியாச்சா?’ என்று உறவினர்கள் கேட்டது இத்தனையும் முடிந்ததா என்றுதான்.

தவில்காரரின் பார்வை

முகூர்த்த நேரத்தில் தவில்காரரைக் கவனித்துப் பாருங்கள். அவர் பார்வை தவில்மேல் இருக்காது, புரோகிதரின் கைமேல் இருக்கும். அந்த விரல் அசைந்ததும் கெட்டி மேளம் எழும். தாலி ஏறும் நேரத்தில் வேண்டாத சொல் எதுவும் மணமக்கள் காதில் விழக்கூடாது என்பதற்காகவே அந்த முழக்கம். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் அதற்குப் பொருள் இல்லை.

அதற்கு முன்பும் பின்பும் நடப்பது இன்னும் நுட்பமானது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் வழியில் நின்றால் ராக ஆலாபனை நீள்கிறது. பெண் மேடைக்கு வரத் தாமதமானால் கீர்த்தனைக்குப் பின்னால் இன்னொரு கீர்த்தனை வந்து ஒட்டிக்கொள்கிறது. பெண் படியேறும் நேரத்தில் எடுத்த பாட்டைச் சட்டென்று முடித்து அடுத்ததற்குத் தாவுகிறார்கள். ஊஞ்சலுக்கு ஒன்று, மாலை மாற்ற ஒன்று, நலங்குக்கு ஒன்று. நடக்கும் காரியத்தைப் பார்த்துப் பார்த்து வாசிக்கிற இந்தக் கவனத்துக்குத்தான் வீட்டார் பணம் கொடுக்கிறார்கள். செல்போனிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போகும் பதிவில் எத்தனை பெரிய வித்வானின் நாதம் இருந்தாலும் அந்தக் கவனம் இருக்காது.

இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதிப் பெட்டி என்பது கல்யாணத்துக்கு ஓரளவு நிறைவான செட். செலவைக் குறைக்க ஒரு நாயனம், ஒரு தவில் போதும் என்று பேசுகிறவர்கள் உண்டு. நாயனம் மூச்சால் ஒலிக்கும் கருவி. முந்தைய மாலை ஊர்வலத்தில் நடந்தபடி வாசித்துவிட்டு, விடியற்காலையில் மறுபடி உட்காரும் ஒருவருக்கு இடையில் மூச்சு வாங்க இன்னொருவர் வேண்டும். முதல் நாயனம் ஓயும்போது இரண்டாவது எடுத்துச் செல்லும். ஒன்று தனியாகக் கற்பனை செய்யும்போது மற்றது தொடரும். குறைத்த ஆளின் சம்பளம் மிச்சமாகலாம். இருக்கிற ஒருவர் களைத்துப்போவார், அவர் ஓயும் இடைவெளிகளில் மண்டபம் மௌனமாகும்.

இசைக்கலைஞர்களை அமர்த்துவது இந்த மண்ணில் கல்லில் எழுதிச் செய்த காரியம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் ராஜராஜன் அமர்த்திய ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கொரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் பெறும் ஒரு பங்கும் தரப்பட்டதை 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கக் கல்வெட்டு சொல்கிறது. நட்டுவம் செய்தவர்கள், வீணை, உடுக்கை, மத்தளம் வாசித்தவர்கள் பங்குகளும் அதில் உண்டு. ஒருவர் இறந்தால் அவருடைய நெருங்கிய உறவினர் அந்த இடத்துக்கு வரலாம், அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ளவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுகூட எழுதிவைத்தார்கள். ஆள், வேலை, ஊதியம், மாற்று ஏற்பாடு எல்லாம் அதில் வந்துவிட்டன. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக் கட்டிய ராஜசிம்மப் பல்லவனோ, காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பொறித்துக்கொண்ட பட்டப்பெயர்களில் ‘வீணா நாரதன்’ என்பதையும் சேர்த்துக்கொண்டான். வாசிக்கிறவன் என்ற பெயரை அரசனே விரும்பிச் சூடிக்கொண்ட கரை இது.

அந்த மரியாதை நெடுகிலும் நீடிக்கவில்லை. வீட்டு விசேஷங்களில் நாயனக்காரர் நின்றபடியே வாசிக்க வேண்டும், எல்லோரும் எழுந்த பிறகே அவருக்குப் பந்தி என்ற வழக்கம் வெகுகாலம் இருந்தது. அதை உடைத்தவர்களில் முதல்வர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). மேடை போட்டு உட்கார வைத்தால்தான் வாசிப்பேன் என்றார். சட்டை போட்டுக்கொண்டு, கிராப்பு வைத்துக்கொண்டு வாசித்தார். குட்டையான திமிரி நாயனத்துக்குப் பதிலாக நீண்ட பாரி நாயனத்தைத் தமக்கென வடித்துக்கொண்டார். அவரை அமர்த்துகிறவர்கள் அவருடைய நிபந்தனைகளுக்கு ஒத்துவந்தே அமர்த்தினார்கள். இன்று கல்யாண மேடையில் வித்வான்களுக்கென ஒரு திண்டு போடப்படுகிறது என்றால் அதன் பின்னால் அவர் பிடிவாதம் இருக்கிறது.

உப்புக் காற்றில் வாத்தியங்கள்

கடற்கரையில் வாசிப்பது மண்டபத்தில் வாசிப்பதுபோல இல்லை. ஏற்பாட்டாளர்கள் அதிகம் யோசிக்காத விஷயம் இது.

நாயனத்தின் உயிர் சீவாளி. நாணலில் செய்த அந்தச் சின்னஞ்சிறு துண்டு ஈரத்தோடு இருந்தால்தான் பேசும். வீசும் காற்றில் அது சீக்கிரம் உலர்ந்துவிடும். அதனால்தான் வித்வான்கள் கழுத்தில் நாலைந்து சீவாளிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பறைக்கு நேர் எதிரான தொல்லை. இரவு ஈரக்காற்றில் தோல் தளர்ந்து ஒலி மங்கும். நெருப்பு மூட்டி, காட்டிக் காட்டி விறைப்பேற்ற வேண்டும். புல்வெளியில் தீ மூட்ட அனுமதிக்காத விடுதியில் பறைக் குழுவை அழைத்தால் அவர்கள் எங்கே காய்ச்சுவார்கள் என்று முன்பே கேட்டுவைக்க வேண்டும். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதித்தவை. பிற்பகல் வெயில் நேராக விழும் மேடையில் மெழுகு இளகி மெட்டு நகரும். மைக்கில் காற்று மோதினால் பாட்டுக்குப் பதில் இரைச்சல்தான் வரும், பஞ்சு உறை போட வேண்டும். மேடை கடலுக்கு முதுகு காட்டியிருந்தால் படம் அழகாக வரும், ஆனால் பாடுகிறவர்களின் பின்னாலிருந்து காற்றும் அலையோசையும் மைக்குக்குள் நுழையும்.

இவையெல்லாம் தீர்க்க முடியாதவை அல்ல. கடற்கரைக் கோயில் வளாகத்தில் தமிழ்நாடு சுற்றுலாத் துறை மார்கழி, தை மாதங்களில் நடத்தும் நாட்டிய விழாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2019 அக்டோபர் 11 அன்று பிரதமர் மோடிக்கும் சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்கும் முன்னால் கலாக்ஷேத்ரா கலைஞர்கள் நிகழ்ச்சி நடத்தியதும் அதே கோயில் பின்னணியில்தான். மேடையின் திசை, கூரை, ஒலி ஒத்திகை ஆகியவற்றுக்கு நேரம் ஒதுக்கினால் போதும். ஆறு மணி வரவேற்புக்கு ஐந்தரைக்கு மேடையை ஒப்படைத்துவிட்டு, குழு சரியில்லை என்று குறை சொல்வது நியாயமல்ல. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் வடகிழக்குப் பருவமழையில் விழுவதால், மழை வந்தால் எந்தக் கூடத்துக்கு மாறுவது, நிகழ்ச்சி ரத்தானால் சம்பளம் என்ன என்பதும் முன்கூட்டியே பேச வேண்டியவை.

பெரிய நிகழ்ச்சிகளிலும் கதை வேறல்ல. 2023 ஆகஸ்ட் 12 அன்று நடக்கவிருந்த ஏ. ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ மழையால் தள்ளிப்போய், செப்டம்பர் 10 அன்று இதே சாலையிலுள்ள பனையூரில் நடந்தது. டிக்கெட் வாங்கிய ஏராளமானோர் நெரிசலில் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். மேடையில் இசை நடந்துகொண்டிருக்கையில் வாசலில் குழந்தைகளோடு வந்தவர்கள் தவித்தார்கள். ரஹ்மான் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், உள்ளே போக முடியாதவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. எவ்வளவு பெரிய இசையையும் வாசலும் வண்டி நிறுத்தமும் கெடுத்துவிடும் என்பதற்கு அந்த இரவு சாட்சி.

பத்து மணியும் பாட்டின் உரிமையும்

கல்யாண வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி மட்டுமல்ல, ஒலி எழுப்பும் கருவிகளும் கூடாது. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு. வரவேற்பு ஏழு மணி என்று போட்டுவிட்டு மணமக்கள் எட்டரைக்கு மேடையேறும் வீடுகளில் மெல்லிசைக் குழு ஒன்பது மணிக்குத்தான் சூடுபிடிக்கிறது. பத்து மணிக்கு நிறுத்தச் சொன்னால் சங்கடம் குழுவின் தலையில் விழுகிறது. நாலரை மணி முகூர்த்தத்தைக் கடற்கரைப் புல்வெளியில் வைக்க நினைக்கிறவர்களும் இந்த விதியைப் பார்த்துவிட்டுத் தேதி குறிப்பது நல்லது. குப்பங்களில் அந்நேரம் கடலுக்குப் போகத் தயாராகிறவர்களும் உறங்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

மற்றது பதிப்புரிமை. கல்யாணத்தில் சினிமாப் பாட்டு வாசிக்க யாருக்காவது பணம் கட்ட வேண்டுமா என்ற கேள்வி விடுதிகளில் அடிக்கடி எழுகிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, மதச் சடங்குகளில் பாடப்படும் இசைக்கு விலக்குத் தருகிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று அந்தப் பிரிவே விளக்குகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதை மீண்டும் தெளிவுபடுத்தியது. எனவே கல்யாணத்துக்கு உரிமைத் தொகை கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. நிறுவன விழா, புத்தாண்டு இரவு, டிக்கெட் கச்சேரி ஆகியவற்றுக்கு இந்த விலக்கு கிடையாது.

டிக்கெட் கச்சேரிகளின் உரிமைப் பிரச்சினை எவ்வளவு கூர்மையானது என்பதைத் தமிழர்கள் 2017இல் பார்த்தார்கள். அமெரிக்காவில் மேடையேறிக்கொண்டிருந்த எஸ். பி. பாலசுப்ரமணியத்துக்கு, தம் பாடல்களை அனுமதியின்றிப் பாடக்கூடாது என்று இளையராஜாவிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. இருவரும் வாலிப வயதில் ஒரே மெல்லிசைக் குழுவில் ஊர் ஊராகப் போனவர்கள். பாலசுப்ரமணியம் பாட, இளையராஜா வாசித்திருக்கிறார். அன்று விழாக்களுக்கு அவர்களைப் பேசி அழைத்துப்போனவர்கள் தமிழ் சினிமா இசையின் இரண்டு பெரிய வாழ்க்கைகளுக்குத் தொடக்கத்தில் சோறு போட்டவர்கள். இன்று ஒரு வரவேற்பில் கீபோர்டும் பேடும் வைத்துக்கொண்டு பாடும் இளைஞர்களை அமர்த்துகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள். ஆகவே ட்ராக் போட்டுப் பாடும் குழுவா, எல்லாக் கருவிகளையும் நேரில் வாசிக்கும் குழுவா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பின்னதற்கு உரிய சம்பளம் கொடுப்பது நல்லது. வித்தியாசம் முதல் பாட்டிலேயே தெரியும்.

மெல்லிசையைத் தவிரவும் இப்போது விருப்பங்கள் பல. கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த பிறகு அது கல்யாண மேடைக்கும் வந்தது. கேரளத்துச் செண்டை மேளம் மாப்பிள்ளை ஊர்வலத்தின் மோகமாகியிருக்கிறது. பறையைச் சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த காலமும் மாறி வருகிறது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதில் அந்த மாற்றம் தெரிந்தது. பறைக் குழுவை அழைக்கிற வீடுகள் அவர்களை வாசலோடு நிறுத்திவிடாமல், விருந்தினர் உட்காரும் பந்தியில் உட்கார வைத்தால் மாற்றம் முழுமையாகும்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்துக்கே உரிய கூத்துக் குழுக்களை யாரும் மறந்துவிடக்கூடாது. திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களுக்கு முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கத்தோடு வந்து விடிய விடிய ஆடிப் பாடுகிறவர்கள் இவர்கள். காஞ்சிபுரம் அருகே பெ. ராஜகோபாலும் சகாக்களும் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், இந்தக் கலைஞர்களின் சம்பளத்துக்கும் மரியாதைக்கும் குரல் கொடுத்து வந்திருக்கிறது. இரவு முழுக்க நடக்கும் கலையை மாலை வரவேற்பில் இருபது நிமிடமாகச் சுருக்கச் சொல்வதைவிட, ஊர்த் திருவிழாவுக்கு ஒரு முழு இரவைப் பேசி நடத்துவது அவர்களுக்கும் ஊருக்கும் நல்லது.

மிச்சப் பணம்

இந்தத் தொழிலின் வருமானம் நாட்காட்டியில் கட்டுண்டது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். மீதி மாதங்களிலும் நல்ல முகூர்த்தங்கள் ஒரே நாளில் குவிகின்றன. ஒரே காலையில் பத்து மண்டபம் கூப்பிடும், அடுத்த இரண்டு வாரம் யாரும் கூப்பிட மாட்டார்கள். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது பங்குனி, சித்திரை, வைகாசி என்று ஆண்டின் முக்கியமான வரும்படி மாதங்கள் அப்படியே போயின. கோயில் திருவிழாக்களும் நின்றன. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007 முதல் நல வாரியம் இருந்தும், சேமிப்பு இல்லாத குடும்பங்கள் பட்ட பாடு பெரிது.

ஆகையால் நல்ல முகூர்த்தத்துக்கு வாங்கும் சம்பளத்தைப் பார்த்து ‘இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவா?’ என்று கேட்பது தவறான கணக்கு. அந்தப் பணத்தில் வேலையில்லாத மாதங்களின் அரிசியும் பருப்பும் இருக்கிறது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து, 2022இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த நாயனத்தை வாங்கிய செலவும், குருவிடம் உட்கார்ந்த ஆண்டுகளும் அதில் இருக்கின்றன. அரசுகூட இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. செவ்வியல், நாட்டுப்புற இசையை நேரடியாக நிகழ்த்தும் கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 1,50,000 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது. இடைத்தரகர் அதற்கு வரி போட்டுக் கணக்குக் காட்டினால், அந்தத் தொகையில் கலைஞர் கைக்குப் போவது எவ்வளவு என்று வீட்டார் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

கலைஞர்கள் பக்கமும் கடமை உண்டு. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு இடம் ஒப்புக்கொண்டு, தேர்ச்சியில்லாத ஆட்களை ஒன்றுக்கு அனுப்புவது நடக்கிறது. ஒப்புக்கொண்டவர் வர முடியாமல் போனால் யாரை அனுப்புவார் என்று சொல்லிவிட வேண்டும். ராஜராஜன் கல்வெட்டில் எழுதிய அந்த ஏற்பாட்டை வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் எழுதிக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

வரும் முகூர்த்தங்களுக்குத் தேதி குறித்திருக்கிறவர்கள் மண்டபம் பேசிய கையோடு மேளத்தையும் பேசுங்கள். திருக்கழுக்குன்றத்திலோ திருப்போரூரிலோ ஒரு மாலை கோயிலுக்குப் போய், வாசிப்பைக் காதால் கேட்டுவிட்டு, அந்த வித்வானிடமே நேரில் பேசுங்கள். ஏற்பாட்டு நிறுவனம் இருந்தாலும் அவருடைய பெயரையும் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். எத்தனை பேர், எந்த நேரம், எங்கே உட்காருவது, எப்போது சாப்பாடு, யார் வண்டி வைப்பது, மழை வந்தால் என்ன என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணத்தன்று அவர்களைக் கவனிக்க வீட்டில் ஒருவரை நியமியுங்கள். மிச்சப் பணத்தை அவர்கள் வேன் ஏறுவதற்கு முன் வீட்டுப் பெரியவர் கையால் கொடுத்துவிடுங்கள்.